மார்கழிக் குளிருக்கு மெக்சிகோ டம்ளர்: சமையல் கேள்வி–பதில்

மெக்சிகோவின் கிறிஸ்துமஸ் காலத்துப் பலகாரங்களையும் சூடான பானங்களையும் வீட்டில் செய்துபார்த்துவிட்டு, 'இது ஏன் இப்படி ஆனது?' என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். எல்லாமே செட்டிநாட்டுப் பக்கத்துக் கடிதங்கள்தாம்.

சம்புர்ராதோ என்ற சோள மாவு சாக்லேட் கஞ்சி செய்தேன். கடையில் கார்ன்ஃப்ளார் வாங்கித்தான் கலந்தேன். வழவழவென்று பசை மாதிரி வந்தது. சோள வாசனையே இல்லையே, எங்கே தப்பு? (வாசகி, காரைக்குடி)

தப்பு பாக்கெட்டில். நம் கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்பது மக்காச்சோளத்தின் வெறும் மாவுச்சத்து. சூப்பைக் கெட்டியாக்க உதவும், மணமும் ருசியும் அதில் கிடையாது. மஞ்சளாக விற்கும் மக்காச்சோள மாவு வாங்கினாலும் பாதிக் கிணறுதான் தாண்டுவீர்கள். மெக்சிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அலசி அரைக்கிறார்கள். அந்த மாவுக்கு மாசா என்று பெயர். சம்புர்ராதோவின் வாசனை அந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது.

வீட்டில் செய்ய அரைக் கிலோ காய்ந்த மக்காச்சோளம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெற்றிலைக்குப் போடும் ஈரச் சுண்ணாம்பு 10 கிராம் போதும். (தூளாக இருந்தால் 5 கிராம்.) வெள்ளைச் சுண்ணாம்பாக, நிறமும் வாசனையும் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அதில் நீலமும் பசையும் கலந்திருக்கும். விதைக்கு விற்கும் சோளத்தில் மருந்து தடவியிருக்கும், அதையும் தொடாதீர்கள். பாப்கார்ன் சோளத்தின் தோல் ரொம்பக் கெட்டி, அதுவும் சரிப்படாது.

எவர்சில்வர் பாத்திரத்தில் சுண்ணாம்பைக் கரைத்துச் சோளத்தைப் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து 30 முதல் 40 நிமிடம் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். ஒரு சோளத்தை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். அதுதான் பதம். அடுப்பை அணைத்து மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மஞ்சளாகிக் கிடக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூன்று தண்ணீரில் பிசைந்து அலசுங்கள். தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. மாவு ஒன்றாகப் பிடித்துக்கொள்ள அந்தப் பிசுபிசுப்பு வேண்டும். பிறகு கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டியதுதான். மெக்சிகோவில் இதற்கு மெத்தாத்தே என்று ஒரு கல் உண்டு. நம் அம்மியும் குழவியுமேதான், மூன்று கால் மட்டும் கூடுதல்.

சுண்ணாம்பு கூடிப்போனால் மாவு சோப்புச் சுவை அடிக்கும். குறைந்தால் தோல் கழலாது, மாவும் உதிரும். இது வெறும் ருசிக்காகச் செய்கிற வேலை இல்லை. மக்காச்சோளத்தில் இருக்கிற பி3 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிப்பது சுண்ணாம்புதான். சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில், அதையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற நோய் வந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கண்ணாடி மாதிரி இறுக்கி வைத்திருப்பதும் சுண்ணாம்பு, சோளத்தை இளக்குவதும் சுண்ணாம்பு!

இனி சம்புர்ராதோ. ஐந்து டம்ளருக்கு அரைத்த மாசா 100 கிராம், வெல்லம் 80 கிராம், இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட் 60 கிராம், விரல் நீளப் பட்டை ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு. பட்டையையும் வெல்லத்தையும் அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். வெல்லத்தில் மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள். மாசாவைக் கால் லிட்டர் *பச்சைத்* தண்ணீரில் கரைத்து, அதையும் வடிகட்டி, கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். சூட்டில் நேரடியாக மாவைப் போட்டால் கட்டி விழும், அப்புறம் எந்தக் கரண்டியாலும் உடையாது. சிறு தீயில் கால் மணி நேரம் கிண்டினால் பச்சை வாசனை போகும். சாக்லேட்டைப் போட்டுக் கரையவிட்டு அடுப்பை அணையுங்கள். தனியாகக் காய்ச்சிய கால் லிட்டர் பாலை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். வெல்லத்தோடு பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் என்பது பாயசம் வைக்கிறவர்களுக்குத் தெரியாததா?

கடைசியாக நுரை. அங்கே மொலினீயோ என்று ஒரு மரக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டுவார்கள். உங்கள் வீட்டுச் சின்ன மோர் மத்து அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்யும். பாத்திரம் உயரமாக, பாதி மட்டும் நிரம்பியிருக்கட்டும். இல்லாவிட்டால் அடுப்பு மேடைதான் குடிக்கும். ஆற ஆறக் கெட்டிப்படும், வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

அதே கஞ்சியைக் கவுனி அரிசியில் செய்யலாமா? (வாசகர், கோட்டையூர்)

செய்யலாம், ஆனால் அது சம்புர்ராதோ ஆகாது. அரிசியில் வைக்கும் கஞ்சிக்கு மெக்சிகோவிலேயே அரிசி அத்தோலே என்று தனிப் பெயர் இருக்கிறது. கவுனியை இரவு முழுக்க ஊறவைத்து, கரகரப்பாக அரைத்து, பட்டை போட்டுக் காய்ச்சுங்கள். சாக்லேட் சேர்க்காதீர்கள். கவுனியின் மணமும் தெரியாது, சாக்லேட்டின் மணமும் தெரியாது, இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும்.

மெக்சிகோ குறிப்புகளில் வரும் பிலோன்சியோவுக்குப் பதில் கருப்பட்டி போடலாம் என்று படித்தேன். சரியா? (வாசகி, புதுவயல்)

பார்வைக்குக் கருப்பட்டி மாதிரி இருப்பதால் வந்த குழப்பம். பிலோன்சியோ கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கூம்பு அச்சில் ஊற்றுவது. அதாவது வெல்லம். நிறம் கறுத்த வெல்லமாக வாங்குங்கள். பளீரென்று மஞ்சளாக இருப்பது மருந்து போட்டு வெளுத்தது, அதில் பாகின் ஆழம் இருக்காது. கருப்பட்டியின் பனை வாசனை பட்டையையும் கொய்யாவையும் அடக்கிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: மண்பானையில் பட்டையும் வெல்லமும் போட்டுக் கொதிக்கவைக்கும் காப்பி. காபே தே ஒல்யா என்பார்கள். அதில் கருப்பட்டி தாராளமாகப் பொருந்தும், நம் நாக்குக்கு அது பழகிய ருசி.

கிறிஸ்துமஸுக்கு வருஷாவருஷம் அச்சு முறுக்கு சுடுவோம். மெக்சிகோவிலும் அதே அச்சு இருக்கிறதாமே? அதே மாவைப் பயன்படுத்தலாமா? (வாசகி, தேவகோட்டை)

அச்சு அதே அச்சுதான்: நீளக் கம்பி, நுனியில் பூ. அங்கே அதற்குப் புன்யுவேலோ தே வியெந்தோ, காற்றுப் புன்யுவேலோ என்று பெயர். மாவுதான் வேறு. நம்முடையது அரிசி மாவும் தேங்காய்ப் பாலும். சர்க்கரை மாவிலேயே இருக்கும். அங்கே மைதா 125 கிராம், முட்டை 1, பால் 180 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை, சர்க்கரை ஒரு தேக்கரண்டி மட்டும். இனிப்பு வெளியிலிருந்துதான் வரும்: 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள் கலந்து, சுட்டெடுத்த சூட்டோடு புரட்டுவார்கள்.

மாவை நுரை வரும்படி அடிக்கக் கூடாது. கலக்கி, வடிகட்டி, அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அச்சைக் காயும் எண்ணெயிலேயே இரண்டு நிமிடம் வைத்துச் சூடாக்கி, துணியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாவில் முக்கால் பங்குதான் அமிழ்த்த வேண்டும். 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால் பூ கழலாது, கத்தியால்தான் எடுக்க வேண்டும். அச்சு சூடு போதாவிட்டால் மாவு ஒட்டாமல் வழிந்துவிடும். சூடு மிஞ்சினால் மாவுக்குள்ளேயே வெந்து கழன்று விழும். முதல் இரண்டு எப்போதும் வீண்தான், அதை வைத்து வேலையை நிறுத்தாதீர்கள்.

ஒரு விஷயத்தில் நம் முறுக்குதான் உசத்தி. அரிசி மாவு முறுக்கு டின்னில் வாரக்கணக்கில் மொறுமொறுப்பு மாறாது. மைதாப் பூ மூன்றாம் நாளே நமத்துவிடும்.

நான் செய்தது அச்சில்லாத புன்யுவேலோ, அப்பளம் மாதிரித் தேய்த்துப் பொரிப்பது. எண்ணெயில் உப்பியது, தட்டில் வைத்த பத்தாவது நிமிடம் தோல் மாதிரி ஆகிவிட்டது. (வாசகி, பள்ளத்தூர்)

மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, தடிமன். உள்ளங்கையை அடியில் வைத்தால் ரேகை தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். அங்கே சில ஊர்களில் முழங்கால் மேல் துணி விரித்து, அதன் மேல் மாவை வைத்து இழுத்து இழுத்து மெல்லிசாக்குவார்கள். அதனால் முழங்கால் புன்யுவேலோ என்றே பெயர். குப்புறக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் துணி போட்டு நீங்களும் இழுக்கலாம். இரண்டாவது, ஈரம். கார்த்திகை மார்கழியில் நம் பக்கம் மழையும் பனியுமாகக் காற்றே ஈரமாக இருக்கும். தேய்த்த வட்டங்களைத் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் பத்துப் பதினைந்து நிமிடம் உலர்த்திவிட்டுப் பொரியுங்கள். மூன்றாவது, எண்ணெய்ச் சூடு. 180 டிகிரி வேண்டும். ஒரு துணுக்கு மாவைப் போட்டால் உடனே மேலே வரவேண்டும். கொஞ்சம் தூங்கிவிட்டு வந்தால் எண்ணெய் குடிக்கும்.

அளவு: மைதா 250 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், முட்டை 1, வெதுவெதுப்பான தண்ணீர் ஏறக்குறைய 80 மி.லி. பத்து நிமிடம் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஊறாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.

பாகுக்கு வெல்லம் 300 கிராம், தண்ணீர் 300 மி.லி., நறுக்கிய கொய்யா 2, பட்டை, சோம்பு. அங்கே போடும் சோம்பு நம்முடையதைவிடச் சின்னது. நம் சோம்பு கால் தேக்கரண்டி போதும், கறிக்குப் போடுகிற கையால் போட்டுவிடாதீர்கள். பிசுக்குப் பதம் வந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் பலகாரத்தின் மேல் கல்லாகிவிடும். பாகைப் பரிமாறும்போதுதான் ஊற்ற வேண்டும். ஒஹாக்கா நகரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதை மண் தட்டில் வைத்துத் தருவார்கள். தின்று முடித்ததும் தட்டைத் தரையில் போட்டு உடைப்பது அங்கே வழக்கம். அதிர்ஷ்டம் வரும் என்று நம்பிக்கை. உங்கள் வீட்டு ஆத்தங்குடித் தரையில் முயலாதீர்கள்.

பழங்களைப் போட்டுக் காய்ச்சும் போன்சே பானத்துக்குத் தெஹோகோத்தே என்ற பழம் கேட்கிறார்கள். இங்கே என்ன போடுவது? செம்பருத்திப் பூவும் போட்டேன், புளிப்பே வரவில்லை. (வாசகி, கானாடுகாத்தான்)

செம்பருத்தி இல்லை, அதுதான் சிக்கல். அங்கே ஹமைக்கா என்று சொல்வது சிவப்புப் புளிச்சைச் செடியில் பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றி நிற்கும் தடித்த சிவப்பு இதழ். கடித்தால் பல் கூசும். நம் கடைகளில் ஹைபிஸ்கஸ் டீ என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்கிறார்கள். மெல்லிசாகக் காகிதம் மாதிரி இருந்தால் செம்பருத்தி. தடித்து, கறுஞ்சிவப்பாக, கிண்ணம் மாதிரி குவிந்திருந்தால் புளிச்சை. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தெஹோகோத்தே இலந்தை அளவிலிருந்து சின்ன எலுமிச்சை அளவு வரை இருக்கும் மஞ்சள் பழம். வெந்தாலும் குழையாது, பானத்துக்கு லேசாகக் கொழுகொழுப்புத் தரும். இங்கே கெட்டியான புளிப்பு ஆப்பிளைத் தோலோடு போடுவதுதான் பக்கத்தில் வரும். இலந்தைப் பழம் போடலாமே என்று தோன்றும். அது குழைந்து, கொட்டை தொண்டைக்கு வரும், வேண்டாம்.

பதினைந்து பேருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வெல்லம் 250 கிராம், நீளப் பட்டை 2, கிராம்பு 6, தோல் சீவி விரல் கனத்துக்குப் பிளந்த கரும்புத் துண்டு 15, ஆப்பிள் 3, பாதிப் பழுத்த கொய்யா அரைக் கிலோ, விதையில்லாப் புளி 40 கிராம், புளிச்சை இதழ் 20 கிராம், உலர்ந்த திராட்சை 100 கிராம். பட்டை, கிராம்பு, கரும்பு, வெல்லம் முதலில் கால் மணி நேரம். பிறகு ஆப்பிளும் திராட்சையும் பத்து நிமிடம். புளியைத் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். புதுப் புளியாக இருக்கட்டும், பழையது நிறத்தைக் கறுக்க வைக்கும். கொய்யா கடைசிப் பத்து நிமிடம்தான். முந்திப் போட்டால் கரைந்து, விதை முழுக்கப் பானத்தில் மிதக்கும். புளிச்சை இதழைத் துணியில் முடிந்து, அடுப்பை அணைத்த பிறகு போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

டம்ளரில் ஊற்றும்போது ஆளுக்கொரு கரும்புத் துண்டு விழ வேண்டும். குடித்து முடித்து அதைக் கடித்துச் சப்புவதுதான் பாதிச் சுகம். புளியும் கரும்பும் மெக்சிகோவில் பிறந்தவை அல்ல, கடல் தாண்டிப் போனவை. கொய்யாவும் மிளகாயும் அங்கேயிருந்து நம் பக்கம் வந்தவை. ஒரு குண்டானில் இரண்டு கரையும் கொதிக்கிறது.

போன்சேயைப் பாட்டியார் காலத்துப் பித்தளை உருளியில் காய்ச்சலாமா? பழைய பிங்கான் குண்டானும் இருக்கிறது. (வாசகர், காரைக்குடி)

ஈயம் பூசாத பித்தளையில் புளி போட்ட எதையும் காய்ச்சாதீர்கள். களிம்பு இறங்கும். பூச்சு புதிதாக இருந்தாலும் இது அரை மணிக்கு மேல் கொதிக்கும் புளிப்பு, எவர்சில்வரே நல்லது. மெக்சிகோவிலும் போன்சேயை எனாமல் பாத்திரத்தில் காய்ச்சுவது உண்டு, அதனால் உங்கள் பிங்கானைப் பார்த்ததும் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பழைய எனாமலில், குறிப்பாக உட்புறம் சிவப்பு, மஞ்சள் நிறம் இருந்தால் அல்லது ஓரிடத்திலாவது பெயர்ந்திருந்தால், அடுப்பில் வைக்க வேண்டாம். முற்றத்தில் பூச்செடி வையுங்கள், அழகாக இருக்கும்.

ஒர்ச்சாத்தா என்ற அரிசிப் பால் செய்தால் அடியில் மாவு தங்குகிறது. மறுநாள் புளித்தும்விட்டது. (வாசகி, திருப்பத்தூர்)

மாவு தங்குவது அதன் இயல்பு, ஊற்றும்முன் கலக்கிவிட வேண்டியதுதான். நறநறவென்று நாக்கில் பட்டால் வடிகட்டியது போதவில்லை என்று அர்த்தம். மெல்லிய மல்துணியை இரண்டாக மடித்து, இரண்டு முறை வடிகட்டுங்கள். பச்சரிசி 200 கிராம், சுருள்பட்டை 8 செ.மீ., தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டர், சர்க்கரை 100 கிராம். அரிசியையும் நொறுக்கிய பட்டையையும் பாதித் தண்ணீரில் போட்டு *ஃப்ரிட்ஜில்* எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் மேடையில் வைத்தால் ஊறும்போதே புளிக்க ஆரம்பிக்கும். காய்ச்சாத அரிசி நீர் ஆகையால் புளித்ததைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு நாளுக்குமேல் வைக்காதீர்கள். புழுங்கலரிசி வேண்டாம், வாடை வரும். கெட்டியாகட்டும் என்று சூடு பண்ணினால் கஞ்சியாகிவிடும்.

பட்டையில் கஞ்சத்தனம் கூடாது. குழம்புக்குப் போடும் தடித்த பட்டை முரட்டுக் காரம். மெக்சிகோவில் விரும்புவது இலங்கைச் சுருள்பட்டை: தாள் தாளாக, சுருட்டு மாதிரி, கையாலேயே நொறுங்குவது.

வாயில் போட்டால் கரையும் போல்வொரோன் பிஸ்கட் தட்டையாகப் பரவிவிட்டது. மேலே தூவிய சர்க்கரையும் பசையாகிவிட்டது. (வாசகி, பொன்னமராவதி)

வெண்ணெய் இளகியிருக்கிறது. வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 30, மைதா 130, பொடித்த முந்திரி அல்லது வால்நட் 50. உருட்டியதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு 170 டிகிரி ஓவனில் 15 முதல் 18 நிமிடம். சர்க்கரையில் இரண்டு தடவை புரட்ட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் ஒரு முறை, முழுக்க ஆறியபின் மறுமுறை. நீங்கள் கொதிக்கக் கொதிக்கப் புரட்டியிருப்பீர்கள். நம் மாவுருண்டை பிடிக்கத் தெரிந்த கைக்கு இது சாதாரணம்.

பிள்ளையார் நோன்புக்கு வரும் உறவினர்களுக்கு இந்தப் போன்சேயைக் கொடுக்கலாமா? அப்பத்தா 'அது என்ன பண்டிகைக்குரியது' என்று கேட்கிறார்கள். (வாசகி, தேவகோட்டை)

அப்பத்தாவிடம் இப்படிச் சொல்லுங்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு அங்கே பொசாதா என்று கொண்டாடுகிறார்கள். மரியாளும் சூசையும் தங்க இடம் தேடி அலைந்ததை நினைத்து, மெழுகுவத்தி ஏந்தி, வீட்டு வாசலில் நின்று பாட்டாகவே இடம் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்கள் பாட்டாகவே மறுப்பார்கள், கடைசியில் கதவு திறக்கும். திறந்ததும் கையில் தருவது இந்தச் சூடான டம்ளர். நம் மார்கழி பிறப்பதும் பெரும்பாலும் அந்த 16ஆம் தேதியையொட்டித்தான். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பும் சில ஆண்டுகளில் அதே வாரத்தில் விழும்.

போன்சேயில் முட்டையோ மதுவோ கிடையாது. பெரியவர்களுக்கென்று ரம் ஊற்றுவது அங்கே உண்டு. அதை விட்டுவிட்டால் சைவமான பழச்சாறுதான். நோன்பின் இழை எடுக்கும் சடங்கு முடிந்த பிறகு கருப்பட்டிப் பணியாரத்தோடு கொடுங்கள். பணியாரமே இனிப்பு என்பதால் வெல்லத்தை 150 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். புன்யுவேலோவும் வைப்பதானால் முட்டையை விட்டு, 40 மி.லி. பால் கூடச் சேர்த்துப் பிசைந்தால் போதும்.

அரைத்த மாசா கால் கிலோ மிச்சம் இருக்கிறது. என்ன செய்வது? (வாசகர், ராயவரம்)

இனிப்புத் தமாலே செய்யுங்கள். அங்கே பிப்ரவரி 2 வரை பண்டிகை நீளும், அன்றைக்குத் தமாலேதான் விருந்து. தெற்கு மெக்சிகோவில் இதை வாழையிலையில் மடித்து அவிப்பார்கள், நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையைத் தணலில் வாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் கிழியும். கால் கிலோ மாசாவுக்கு வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை 50, திராட்சை ஒரு கைப்பிடி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி. இட்லிப் பானையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அவிய வேண்டும். ஆறியபின் மாவு இலையில் ஒட்டாமல் பிரிந்தால் வெந்துவிட்டது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது அடிப்பதில். வெண்ணெயைத் தனியே வெளுக்கும்வரை அடித்து, மாசாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேலும் அடிக்க வேண்டும். கொழுக்கட்டை மாவு மாதிரி சும்மா பிசைந்தால் களிமண்ணாக வேகும். ஒரு டம்ளர் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவைப் போட்டுப் பாருங்கள். மிதந்தால் இலையில் வைத்து மடியுங்கள். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் அடியுங்கள்.